செருந்திக்குக் கட்டிய தண்ணீர்

என்னிடம் செடி வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் செடியே வேண்டாம். மதில்சுவரை மறைக்கிற மாதிரி பச்சையாக ஏதாவது வேண்டும். அது பூக்க வேண்டும், பூ கீழே உதிரக் கூடாது. நிழல் தர வேண்டும், குப்பை விழக் கூடாது. தண்ணீர் கேட்கக் கூடாது, வேர் விடக் கூடாது, எறும்பு ஏறக் கூடாது. இதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, “அப்படி ஒரு செடி இருக்குங்களா?” என்று முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லாமல் கேட்பார்கள்.

“இருக்குங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஃபேன்சி கடையில கேளுங்க. துணியில தைச்சு வச்சிருப்பாங்க” என்பேன்.

சிலர் சிரிப்பார்கள். சிலர் உண்மையாகவே வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

கோட்டுச்சேரியிலிருந்து காரைக்கால் டவுனுக்குப் போகிற பஸ் ரோட்டின் ஓரத்தில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நர்சரி வைத்திருக்கிறேன். காலேஜில் தாவரவியல் படித்தவள் நான். அந்தப் படிப்பு எனக்குக் கொடுத்தது இரண்டு விஷயம்தான்: செடிகளின் பெயர், மனிதர்கள் மேல் எரிச்சல். நிலம் சுத்தக் களிமண். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும். பின்பக்கம் ஒரு வாய்க்கால். காவிரித் தண்ணீர் எல்லா ஊருக்கும் பாய்ந்து, எல்லாரும் குடித்து, குளித்து, மிச்சமிருந்தால் கடைசியில் எங்களுக்கு வரும். கடைமடை என்பது அதைத்தான். வருஷத்தில் பாதி நாள் அந்த வாய்க்காலில் ஓடுவது காலி பாட்டில்களும் பிளாஸ்டிக் பைகளும்தான்.

குரோட்டன்ஸ் விற்கிறேன். காகிதப்பூ விற்கிறேன். பாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு போகிற அந்தப் பொம்மைப் பனையையும் விற்கிறேன். இவற்றை விற்றால்தான் குத்தகை கொடுக்க முடியும். அதில் எனக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. ஆனால் பின்பக்கத்துப் பாத்திகளில் நான் வளர்ப்பது வேறு. புன்னை, மகிழம், வெட்சி, நொச்சி, கொன்றை, பூவரசு. இந்த மண்ணும் உப்புக்காற்றும் வளர்த்த சாதிகள். அந்தப் பக்கம் யாரையாவது கூட்டிக்கொண்டு போனால், “இதெல்லாம் எங்க ஊர் ஓடைக்கரையிலயே சும்மா கிடக்குமே” என்பார்கள். அங்கே இப்போது கிடக்கிறதா என்று கேட்டால் குரோட்டன்ஸ் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

இதற்கு நேர் எதிரான கூட்டம் ஒன்று உண்டு. டிசம்பர் பிறந்தால் பிரான்சிலிருந்து சொந்த வீட்டைப் பார்க்க வருகிறவர்கள். அவர்களுக்கு எல்லாம் ‘நேட்டிவ்’ ஆக இருக்க வேண்டும். போன வருஷம் ஒரு தம்பதி வந்தார்கள். அந்த மனிதர் நர்சரி முழுவதையும் மூக்கால் அளந்துவிட்டு, “நம்ம பாரம்பரிய மரம் நாகலிங்கம் இருக்கா?” என்றார்.

“அது தென் அமெரிக்கா மரம்ங்க.”

“சும்மா சொல்லாதீங்க. எங்க சிவன் கோயில்லயே இருக்கே?”

“உங்களுக்குக் கிடைச்ச மாதிரி அதுக்கும் எங்கயோ பாஸ்போர்ட் கிடைச்சிருக்கும்ங்க.”

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனிதர் ஒன்றும் வாங்கவில்லை. சம்பங்கியும் துலுக்கச் சாமந்தியும் மெக்சிகோவிலிருந்து வந்தவை என்பதையும் சொல்லியிருப்பேன், அதற்குள் காரில் ஏறிவிட்டார். சாமி கழுத்தில் ஏறிவிட்டால் எந்தச் செடியும் நம் ஊர்ச் செடியாகிவிடும். சாமிக்கே கிடைக்காமல் போன செருந்தி மரத்தை யாருக்கும் தெரியாது.

மரம் நடு விழாக்காரர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இவர்கள் கன்றைக் கவரோடு நடுகிறவர்கள். பாலித்தீன் பையைக் கிழித்து, வேரைக் குழியில் இறக்க வேண்டும் என்று எத்தனை தரம் சொன்னாலும், “போட்டோ எடுத்துட்டு கிழிச்சிக்கிறோம்ங்க” என்பார்கள். போட்டோ எடுத்ததும் அதே கன்றைப் பிடுங்கி அடுத்த குழியில் வைப்பார்கள். அங்கே வேறொரு முக்கியஸ்தர் பூவாளியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுவார். அவர்களுக்கென்றே ஓரமாகச் சில நோஞ்சான் கன்றுகளை ஒதுக்கி வைத்திருக்கிறேன். எப்படியும் சாகப் போகிறதற்கு நல்ல கன்றை எதற்குக் கொடுப்பது?

வெளியாட்களைத் திட்டிவிட்டு வீட்டு ஆட்களை விட்டுவிடுவது நியாயமில்லை. எனக்கு இரண்டு குடும்பங்கள். பிறந்தது வரிச்சிக்குடியில், நெல் விவசாயம் பார்க்கிற வீட்டில். வாழ்க்கைப்பட்டது கருக்களாச்சேரியில், கடலுக்குப் போகிற வீட்டில். என் கணவர் படகு எஞ்சின் மெக்கானிக். நாங்களாக முடிவு செய்துகொண்ட கல்யாணம். அதில் இரண்டு குடும்பத்துக்கும் சம்மதமில்லை. கடல் வீட்டுக்காரர்கள் ஒரு வருஷத்தில் இறங்கி வந்துவிட்டார்கள். வயல் வீட்டுக்காரர் இறங்கவே இல்லை. அவர் என் அப்பா.

இந்த இரண்டு குடும்பமும் ஒத்துப்போவது ஒரே ஒரு விஷயத்தில்தான், என் செடிகளைக் கொல்வதில்.

முதலில் என் மாமியார். மீன் வியாபாரம் செய்கிறவர். அவருக்கு உலகத்தில் உள்ள எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து, மீன் கழுவிய தண்ணீர். முருங்கைக்கு ஊற்றினார், காய்த்தது. அதிலிருந்து பிடித்தது சனி. நர்சரிக்கு வரும்போதெல்லாம் ஒரு குடத்தில் அதை நிரப்பிக் கொண்டுவருவார்.

“அத்தை, இது சின்னக் கன்னு. தாங்காது.”

“நீ படிச்சது படிச்சதோட இருக்கட்டும். நான் ஊத்துனா எப்புடி வருதுன்னு பாரு.”

வந்தது. பூனைகள் வந்தன. கோட்டுச்சேரியில் உள்ள அத்தனை பூனைகளும் அன்று ராத்திரி என் வெட்சிப் பாத்தியில் கூட்டம் போட்டு, ஒவ்வொரு பையையும் கிளறி, மீன் எங்கே என்று தேடிவிட்டுப் போயின. காலையில் வேரெல்லாம் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. என் மாமியார் வந்து பார்த்துவிட்டு, “பூனைக்கே பிடிச்சிருக்கு பாரேன்” என்றார். இந்தப் பெண்மணியோடு நான் எப்படிச் சண்டை போடுவது?

அப்பா வேறு ரகம். அவர் கண்ணில் உலகத்துப் பயிர்கள் மூன்று வகை: நெல், நெல் அறுத்த பிறகு தெளிக்கிற உளுந்து பயறு, களை. மூன்றாவது வகையில் ரோஜா, மல்லி, மகிழம், ஆலமரம் எல்லாம் அடக்கம். நான் காலேஜில் தாவரவியல் எடுத்தபோது அவர் கேட்டது ஒரே கேள்வி. “நெல்லுல புகையான் பூச்சி வந்தா என்ன மருந்து அடிக்கணும்னு சொல்லித் தருவாங்களா?” அது வேறு படிப்பு என்றேன். அன்றோடு என் படிப்பின் மேல் அவருக்கிருந்த மரியாதை போய்விட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. பஸ்ஸில் பார்த்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஜன்னலுக்கு வெளியே அவ்வளவு பிரமாதமாகப் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் மத்தியானம் கண் அசந்த நேரத்தில் அம்மா போன் செய்வாள், பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பேசுகிற குரலில். எனக்கும் ரோஷம் உண்டு. அவர் வந்தால் வரட்டும், நானாகப் போய் நிற்க மாட்டேன் என்று இருந்துவிட்டேன். இப்படியே வருஷங்கள் ஓடின.

இப்போது செருந்தி.

டவுனுக்கு வெளியே ஒரு சின்ன அய்யனார் கோயில். அதைச் சுற்றி, யாரும் வெட்டப் பயந்த காரணத்தால் மட்டும், ஒரு புதர்க்காடு மிஞ்சியிருந்தது. முள்ளும் கொடியுமாகக் கிடந்த அதற்குள் ஒரே ஒரு செருந்தி நின்றது. மாசி கடைசியில் இலையே தெரியாமல் மஞ்சளாகப் பூக்கும். பூ உதிர்ந்த பிறகு பூவைப் பிடித்திருந்த புல்லிதழ்கள் சிவந்து, அதன் நடுவில் கறுப்பு மணிகளாகக் காய் நிற்கும். இரண்டு தரம் பூத்த மாதிரி இருக்கும். இந்தப் பக்கத்தில் நான் வேறெங்கும் அதைப் பார்த்ததில்லை. தேடாத இடமுமில்லை.

அய்யனாருக்குத் திருப்பணி செய்யப்போவதாக ஒரு கமிட்டி கிளம்பியது. திருப்பணி என்றால் டைல்ஸ். டைல்ஸ், அதற்கு மேல் ஒரு தகரக் கொட்டகை, அதைச் சுற்றி ஒரு கிரில் கேட். நூறு வருஷமாக மழையில் நனைந்துகொண்டு நின்ற அய்யனார் குதிரைக்குத் திடீரென்று சளி பிடிக்கும் என்ற கவலை அவர்களுக்கு. புதரை வெட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கமிட்டித் தலைவரிடம் போய்ப் பேசிப் பார்த்தேன்.

“அந்த ஒரு மரத்தை மட்டும் விட்டுடுங்க.”

“எதும்மா? அந்த முள்ளுக்குள்ள நிக்கிறதா? பாம்பு அடையுது.”

“அது செருந்திங்க. அபூர்வமான சாதி.”

“அப்புடியா? கவலைப்படாதீங்க, சுத்தி அசோகா மரம் வச்சிடுவோம். உங்ககிட்டயே வாங்கிக்கிறோம்.”

அவர் அசோகா என்று சொன்னது நெட்டிலிங்கத்தை. அதைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்களின் கையில் அரிவாளைக் கொடுத்திருக்கிறார்கள். காய் பழுக்கிற வரைக்கும் பொறுத்திருங்கள் என்று கெஞ்சி ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். என் பேச்சைக் கேட்டு அல்ல, டைல்ஸ் லோடு வர நாளாகும் என்பதால்.

செருந்திப் பழம் பறவைகளுக்கு உயிர். கறுத்த அன்றைக்கே காணாமல் போய்விடும். கணவர் கிழிந்துபோன பழைய மீன்வலை ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு பேரும் முள்ளில் கை கிழிய அதை மரத்தின் மேல் போர்த்தினோம். வழியில் போனவர்கள் என்ன மீன் கிடைக்கும் என்று கேட்டார்கள். பழுக்கப் பழுக்கப் பறித்து வந்து, சதையைப் பிசைந்து கழுவி, காய விடாமல் உடனே விதைத்தேன். செருந்தி விதைக்குப் பொறுமை கிடையாது, காய்ந்தால் முடிந்தது. கடைசிப் பழம் பறித்த அடுத்த வாரம் புதர் முழுவதும் தரைமட்டமானது. அதே கமிட்டி நெட்டிலிங்கம் கேட்டு வந்தபோது, இல்லை என்றேன். கண்ணெதிரிலேயே வரிசையாக நின்றது. இருந்தாலும் இல்லை என்றேன்.

ஆக, அந்த மரத்துக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்தது என் ஒரு பாத்திதான்.

மணலும் செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து பைகளில் நிரப்பி, அதில் முளைகளை மாற்றினேன். கோடையில் ஈரம் நிற்பதற்காக என் பாத்திகள் எல்லாம் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளமாக இருக்கும். களிமண் பள்ளத்தில் தண்ணீர் தேங்கினால் வற்றாது. செருந்திக்கோ வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது. அதனால் அந்தப் பாத்தியின் கரையில் மட்டும் அங்கங்கே வெட்டிவிட்டு, மழைத் தண்ணீர் வாய்க்காலுக்கு ஓடுகிற மாதிரி வடிகால் வைத்தேன். மேலே மீன்வலையை இரட்டையாக மடித்து நிழலுக்குக் கட்டினேன். ஆவணியில் ஒவ்வொரு கன்றும் செம்பு நிறத்தில் துளிர் விட்டது. தினமும் காலையில் முதல் வேலையாக அதைப் போய்ப் பார்ப்பேன். யாரையும் பக்கத்தில் விடவில்லை. மாமியாரின் குடத்துக்கு அந்தப் பாத்திப் பக்கம் தடை.

அப்போதுதான் எனக்குக் காய்ச்சல் வந்தது. கொசு கொடுத்த காய்ச்சல். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். தலையைத் தூக்க முடியவில்லை. கணவர் பக்கத்திலேயே இருந்தார். நர்சரிக்கு வேலைக்கு வருகிற அக்காவுக்குப் போன் செய்து, செருந்திக்கு மட்டும் பூவாளியில் ஒருநாள் விட்டு ஒருநாள், மேலாக நனைகிற அளவு, அவ்வளவுதான் என்று சொல்லச் சொன்னேன். மாமியார் வேளை தவறாமல் கஞ்சியும் சுறாப் புட்டும் கொண்டுவந்தார். கஞ்சி மட்டும் இறங்கியது.

அம்மா ஒருநாள் போனில் மெதுவாகச் சொன்னாள். “உனக்கு முடியலன்னு உங்கப்பாகிட்ட சொல்லிட்டேன். காலையில வண்டிய எடுத்துக்கிட்டு எங்கயோ போவுறாரு. கேட்டா சொல்ல மாட்டேங்குறாரு.”

“டீக்கடைக்குப் போவாரு” என்றேன். மகள் படுத்திருந்தால் டீ இன்னும் ருசியாக இருக்கும்போல என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு விட்ட மறுநாள், வேண்டாம் என்று எல்லோரும் சொல்லியும் கேட்காமல், நர்சரிக்குப் போனேன். ரோட்டிலிருந்தே சத்தம் கேட்டது. நான் படுத்திருந்த நாட்களில் தண்ணீர் கடைமடைக்கு வந்துவிட்டிருந்தது. பாட்டில்களைத் தள்ளிக்கொண்டு வாய்க்கால் சலசலத்து ஓடியது. வரிச்சிக்குடிக்காரியாகப் பிறந்த எனக்கும் அதைப் பார்த்து ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு பின்பக்கம் போனேன்.

என் பாத்திகள் எல்லாம் நாற்றங்கால் ஆகியிருந்தன. கரைகள் புதிதாக அணைத்து, மண்வெட்டியின் முதுகால் தட்டி, வழுவழுவென்று மெழுகியது போல இருந்தன. வாய்க்காலிலிருந்து ஒரு மடை வெட்டித் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. செருந்திப் பாத்தியில் நான் வெட்டியிருந்த ஒவ்வொரு வடிகாலும் களிமண் வைத்து, காலால் மிதித்து, ஒரு சொட்டுக் கசியாமல் அடைக்கப்பட்டிருந்தது. அதன் நடுவில் கழுத்தளவுத் தண்ணீரில் என் கன்றுகள் நின்றன. செம்புத் துளிரெல்லாம் கறுத்துத் தொங்கியது. ஒன்றைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். வேர் இல்லாமல் தண்டு மட்டும் கையோடு வந்தது. வேர் அழுகிய நாற்றம் அடித்தது. அடுத்ததை இழுத்தேன். அதுவும் அப்படியே.

முகத்தைப் பார்க்காமலே யார் வேலை என்று தெரிந்துவிட்டது. அப்படிக் கரை அணைக்கிற கையை எனக்குத் தெரியும். வரப்பில் ஓட்டை இருந்தால், அது யார் வயலாக இருந்தாலும், மண்ணைத் தள்ளி அடைக்காமல் அந்த மனிதரால் தாண்டிப் போக முடியாது. கல்யாண வீட்டுக்கு வெள்ளை வேட்டியோடு போகும்போதுகூட ஊரான் வயலில் இறங்கி அடைத்துவிட்டு, சேற்றுக் காலோடு பந்தியில் உட்காருவார். கடைமடைக்காரர்கள் பலருக்கும் இந்த நோய் உண்டு. தண்ணீர் நின்றால் நல்லது, ஓடினால் கெட்டது. இதைத் தவிர வேறு எதுவும் இவர்கள் மண்டையில் ஏறாது.

வேலைக்கார அக்கா வந்தது. “எம்மா, நீ படுத்த ரெண்டாம் நாளே ஒங்கப்பா வந்துட்டாரு. நான் பூவாளிய எடுத்தா, ‘இதால ஊத்துனா எப்ப நனையும், நான் பாத்துக்கிறேன், நீ போ, அவகிட்ட சொல்லாத’ன்னு அனுப்பிட்டாரு. வெடியக்காலையிலயே வந்துடுவாரு, இப்பதான் டீ குடிக்கப் போனாரு. வெயில் ஏர்ற வரைக்கும் இங்கதான். நல்ல வேலைக்காரரும்மா.”

“ஆமாக்கா. ரொம்ப நல்ல வேலை” என்றேன்.

மொபெட் சத்தம் கேட்டது. அப்பா வந்தார். முன்பக்கம் மம்பட்டி, ஹேண்டில்பாரில் ஒரு பை. என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார், இறங்கவில்லை. தலை முழுவதும் நரைத்திருந்தது. பஸ் ஜன்னலில் பார்த்தபோது அது எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமாக, அவர் என் எதிரில் வந்து நின்றால் என்ன பேசுவது என்று நான் மனதுக்குள் எவ்வளவோ வசனம் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை.

“வடிகால யாருப்பா அடைச்சது?” என்றேன்.

“நான்தான்” என்றார், பெருமையாக. “எல்லாம் ஒடைஞ்சு கெடந்துச்சு. தண்ணி பூரா வீணா வாய்க்காலுக்கே திரும்பப் போவுது. ஆளு இல்லன்னா இப்புடித்தான்.”

“ஒடையல. நான் வெட்டி வச்சது.”

அவர் என்னைப் பார்த்தார். மகளுக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லையோ என்கிற பார்வை. “வரப்ப யாராச்சும் வெட்டி வைப்பாங்களா?”

“நெல்லாப்பா இது? நெல்லா? இதுக்கு வேர்ல தண்ணி நிக்கக் கூடாது. எல்லாம் அழுவிப்போச்சு.”

வண்டியை விட்டு இறங்கிப் பாத்திக் கரையில் வந்து குந்தி, ஒரு கன்றின் இலையை விரலால் தடவிப் பார்த்தார். “நாலு நாளாவே பழுத்துக்கிட்டுத்தான் வந்துச்சு. சத்து பத்தலையோன்னு நெனைச்சேன். நேத்து கொஞ்சம் யூரியா போட்டேன்” என்றார். ஹேண்டில்பாரில் தொங்கிய பையில் மீதி யூரியா இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்துவிட்டது. காய்ச்சல் உடம்பு, நிற்க முடியாமல் அந்தக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாய்க்கு வந்தபடி பேசினேன். டைல்ஸ்காரர்களை, கவரோடு நடுகிறவர்களை, குடத்தோடு வருகிற மாமியாரை, எல்லோரையும் பேச வேண்டிய பேச்சு முழுவதையும் அவர் தலையில் கொட்டினேன். தெரியாத பயிரைத் தொடக் கூடாது என்று ஒரு மனுஷனுக்குத் தோன்றாதா என்று கேட்டேன். வழக்கமாக யாராவது எதிர்த்துப் பேசினால் எழுந்து போய்விடுகிற ஆள், அன்றைக்குப் போகவில்லை.

நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் கேட்டார். “இது என்ன நாத்து?”

“செருந்தி.”

“காய்க்குமா?”

“மனுசன் திங்கிற மாதிரி ஒண்ணும் இல்ல. பூக்கும். அவ்வளவுதான்.”

“வேற வெதை வச்சிருக்கியா?”

“இல்ல. தாய் மரத்த வெட்டியாச்சு. இனிமே கெடைக்காது.”

அப்பா மம்பட்டியை எடுத்துக்கொண்டு போய், முதலில் வாய்க்கால் மடையை மூடிவிட்டு, தான் அடைத்த வடிகால்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் வாழ்நாளில் ஒரு வரப்பைத் தன் கையால் வெட்டித் தண்ணீரை வெளியே விட்டது மழை வெள்ளத்தின்போது மட்டும்தான் இருக்கும். பாத்தி வடிந்தது. கன்றுகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தன. ஒன்றுகூடப் பிழைக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். யாராவது நல்ல முடிவை எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் நான் பொறுப்பில்லை.

“எனக்கு ஒடம்பு முடியலன்னு அம்மா சொன்னாங்கள்ல? ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்திருக்கலாம்ல?” என்றேன்.

“அங்க ஒங்க வீட்டு ஆளுங்க இருப்பாங்க.” மம்பட்டியிலிருந்த சேற்றை வாய்க்காலில் அலசினார். “நான் வந்து என்ன பண்றது? டாக்டரு பாத்துக்குவாரு. நீ எந்திரிச்சு வர்றதுக்குள்ள இது காஞ்சிடக் கூடாதுல்ல. அதான்.”

எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அந்த நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய். இதை எழுதுகிற இப்போதும் தீரவில்லை. ஒரு மரத்தின் சந்ததியை இந்தப் பக்கத்திலிருந்தே துடைத்துவிட்டு, கேட்டால் வரப்பு உடைந்திருந்தது என்கிற மனுஷன். அவர் செய்தது மடத்தனம், கலப்படமில்லாத மடத்தனம். அந்த மடத்தனத்தைச் செய்ய அவர் தினமும் விடியுமுன் எழுந்து, யாரிடமும் சொல்லாமல், எனக்காக வந்திருக்கிறார் என்பதும் உண்மை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. செத்துப்போன கன்றுகளுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சந்தோஷப்படுகிறோமே என்று என் மேலேயே எனக்கு அருவருப்பாகவும் இருந்தது.

அப்பா மம்பட்டியை வண்டியில் கட்டினார். யூரியாப் பையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினார். ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்யாமல், ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“இனிமே நான் இங்க வரக் கூடாதாம்மா?”

“வாங்க” என்றேன். “மம்பட்டிய வீட்டுல வச்சிட்டு வாங்க.”